வாயிலில் ஒரு கேள்வி

பள்ளியின் கணிப்பொறி அறைச் சுவரில் கம்பி செருகும் துளை ஒன்று இருக்கிறது என்று கொள்வோம். முன்பின் தெரியாத ஒருவர் தம் மடிக்கணிப்பொறியை அதில் செருகிவிட்டால், மதிப்பெண்கள் உள்ள கணிப்பொறி வரை அவர் எட்டிவிடலாம் அல்லவா? இதை எவ்வாறு தடுப்பது?

சுவர்க் கம்பிகள் யாவும் ஒரு பெட்டியில் போய்ச் சேருகின்றன. அதன் பெயர் ஸ்விட்ச். (விளக்கைப் போடும் ஸ்விட்ச் அன்று.) ஒரு கணிப்பொறியின் செய்தியை உரிய கணிப்பொறிக்குச் சேர்ப்பது இதன் வேலை. இதிலுள்ள ஒவ்வொரு துளையும் ஒரு போர்ட். போர்ட்டைக் காவல் காக்க 2001-இல் 802.1எக்ஸ் என்னும் விதிமுறை வெளியாயிற்று.

இதன்படி, கம்பியைச் செருகியதும் போர்ட் முழுவதும் திறந்துவிடாது. "நீ யார்?" என்ற கேள்வியும் அதற்குரிய பதிலும் மட்டுமே அதன் வழியே செல்லும். ஸ்விட்ச் வெறும் வாயிற்காவலன். பெயர்ப் பட்டியல் அதனிடம் இல்லை. பதிலை வாங்கி, பட்டியல் வைத்திருக்கும் சர்வருக்கு அது அனுப்புகிறது.

கடவுச்சொல்லை அப்படியே அனுப்பினால் வழியில் ஒட்டுக் கேட்பவர் அறிந்துகொள்வார். ஆகவே ஒரு முறையில், சர்வர் ஏதேனும் ஓர் எண்ணை அனுப்புகிறது. கடவுச்சொல் 37, வந்த எண் 58 என்போம். இரண்டையும் பெருக்கினால் 2146. கடைசி இரு இலக்கங்களான 46-ஐ மட்டும் கணிப்பொறி திருப்பி அனுப்புகிறது. சர்வரும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. விடை ஒத்தால் "திற" என்று ஸ்விட்சுக்கு ஆணை பிறக்கிறது. அடுத்த முறை எண் 64 ஆனால் விடை 68. எனவே நேற்றைய விடை இன்று உதவாது. நமது கணக்கில் 37-ஐ எளிதில் கண்டுபிடித்துவிடலாம்; உண்மையில் பயன்படும் கணக்குகள் பின்னோக்கிப் போட மிக மிகக் கடினமானவை.

காவல் முடிந்ததா? இல்லை. போர்ட் திறந்த பிறகு, சுவருக்கும் கணிப்பொறிக்கும் நடுவே ஒரு கிளைப்பெட்டியை வைத்து, வேறொருவர் தம் கணிப்பொறியையும் இணைத்துவிடலாம். அது முதல் கணிப்பொறியின் முகவரியையே தன் முகவரியாகக் காட்டினால், ஸ்விட்சுக்கு வேறுபாடு தெரியாது. கதவைத் திறந்தவர் பின்னால் மற்றொருவர் நுழைவது போன்றதே இது.

2006-இல் வந்த 802.1ஏஇ என்னும் விதிமுறையும், 2010-இல் திருத்தப்பட்ட 802.1எக்ஸும் இதற்கு வழி கண்டன. சோதனை முடிந்ததும் கணிப்பொறியும் ஸ்விட்சும் ஓர் இரகசியத் திறவெண்ணை ஏற்படுத்திக்கொள்கின்றன. அதன்பின் செல்லும் ஒவ்வொரு செய்தியும் அதனால் முத்திரையிடப்படுகிறது. முத்திரை பொருந்தாத செய்தியை ஸ்விட்ச் தள்ளிவிடுகிறது.

வாயிலில் ஒருமுறை கேட்டால் மட்டும் போதாது. உள்ளே வரும் ஒவ்வொரு கடிதத்திலும் முத்திரை வேண்டும்!