லினக்ஸ் போடும்போது திரை கருப்பாகிறதா? கணினியைத் தூக்கிப் போடாதீங்க



2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. வீட்டிலுள்ள பழைய கணினி பல சமயம் விண்டோஸ் 11-க்கு ஒத்துவராது. எஸ்.பி.எம். எழுதப்போகிற பிள்ளைக்குப் புதிதாக வாங்கலாம் என்றால் கையைக் கடிக்கும். சரி, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மிண்ட் போடலாம் என்று பென்டிரைவைச் சொருகினால், சின்னம் ஒரு முறை மின்னிவிட்டுத் திரை கருப்பாகிவிடும். 'கார்டு போச்சு' என்று முடிவு கட்டி, நல்ல கணினியைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டவர்கள் உண்டு. அவசரப்படாதீங்க.

முதலில் விசைப்பலகையில் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உயிரோடுதான் இருக்கிறது. படம் மட்டும்தான் வரவில்லை. மேசைக் கணினி என்றால் பின்பக்கம் கேபிள் எங்கே சொருகியிருக்கிறது என்றும் பாருங்கள். தனி கிராபிக்ஸ் அட்டை இருந்தால், அந்த அட்டையின் துளையில்தான் சொருக வேண்டும். மதர்போர்டின் துளையில் அல்ல. காம்பாரில் படிப்பு முடித்துக் கிளம்பிய பல்கலைக்கழக மாணவர் ஒருவரிடம் நான் வாங்கிய பழைய கணினியில் ஒரு மாலை முழுக்க மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால் கேபிள் தப்பான இடத்தில்! வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கேபிள் சரியாக இருந்தும் கருப்புதானா? அப்போது சிக்கல் பெரும்பாலும் இயக்கியில். கிராபிக்ஸ் அட்டையோடு பேசும் மென்பொருள்தான் இயக்கி. கணினி அறிவியல் மாணவர்கள் கவனிக்க: இது பயன்பாட்டு மென்பொருள் அல்ல, கணினி அமைப்பு மென்பொருளைச் சேர்ந்தது. லினக்ஸின் கருநிரல், தொடங்கிய சில நொடிகளிலேயே இயக்கியைக் கொண்டு திரையின் அளவை அமைத்துவிடும். இன்டெல், ஏஎம்டி இரண்டுக்கும் இயக்கி கருநிரலோடு சேர்ந்தே வருவதால் அவ்வளவாகத் தொல்லை இல்லை. என்வீடியாவுக்கு உள்ளே இருப்பது நூவோ. அந்த நிறுவனத்தின் ஆவணம் இல்லாமலே, அட்டை எப்படி நடந்துகொள்கிறது என்று கவனித்துக் கவனித்துத் தன்னார்வலர்கள் எழுதத் தொடங்கிய இயக்கி அது. சில அட்டைகளில் அது தடுக்கி விழும், திரை இருண்டுவிடும்.

இதற்கு வழி, 'இப்போதைக்கு இயக்கியைத் தொடாதே' என்று கருநிரலிடம் சொல்வது. பென்டிரைவிலிருந்து தொடங்கும்போது வரும் பட்டியலில் மிண்ட் என்றால் 'காம்பாட்டிபிலிட்டி மோட்', உபுண்டு என்றால் 'சேஃப் கிராபிக்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தாலே பலருக்குப் படம் வந்துவிடும். வரவில்லையா? முதல் வரியில் நின்று ஆங்கில எழுத்து 'ஈ'-ஐத் தட்டுங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் நீண்ட வரியில் 'கொயட் ஸ்பிளாஷ்' என்ற இரு சொற்களை அழித்து, அங்கே 'நோ', 'மோட்', 'செட்' மூன்றையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக அடியுங்கள். பிறகு எஃப்10. படம் சற்றுப் பெரிதாக, மங்கலாக, மெதுவாகத் தெரியும். பரவாயில்லை, அதை வைத்தே நிறுவலாம். ஆனால் கோப்புகளை வேறு வட்டில் நகலெடுக்காமல் நிறுவத் தொடங்காதீங்க.

இந்தத் திருத்தம் ஒரு தடவைக்கு மட்டும்தான். நிறுவி முடித்து மறுபடி தொடங்கும்போது மீண்டும் கருப்பு வந்தால், கணினி திறக்கும்போதே எஸ்கேப் விசையைத் தட்டி (மிகப் பழைய கணினியில் ஷிஃப்டைப் பிடித்து) பட்டியலை வரவழைத்து, அதையே இன்னொரு முறை செய்யுங்கள். உள்ளே போனதும் 'டிரைவர் மேனேஜர்' திறந்து, 'பரிந்துரைக்கப்பட்டது' என்று காட்டும் இயக்கியை நிறுவுங்கள். இதைச் செய்யாமல் மங்கல் திரையோடே காலம் தள்ளுபவர்கள் அதிகம். அப்போது படம் வரையும் வேலை முழுக்கப் பிராசசர் தலையில் விழுவதால், யூடியூப் பாடம்கூட விட்டுவிட்டு ஓடும்.

செக்யூர் பூட் போட்டிருக்கும் கணினியில் இயக்கி நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை திறக்கும்போது நீலத் திரை வரும், பயந்துபோய் அணைக்காதீங்க. அதில் 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் இயக்கி நிறுவப்பட்டும் வேலை செய்யாது.

அட்டை ரொம்பப் பழையதா? ஜிஃபோர்ஸ் 400, 500 வரிசைகளுக்கு என்வீடியாவின் கடைசி இயக்கி 390. அதற்கான ஆதரவும் 2022 இறுதியோடு முடிந்துவிட்டது. புதிய கருநிரலோடு அது மல்லுக்கு நிற்கும். அப்படிப்பட்ட அட்டைக்கு நூவோவை ஒரு தரம் முயன்று பாருங்கள். அதுவும் இருண்டுபோனால், அட்டையைக் கழற்றிவிட்டு மதர்போர்டில் திரைத் துளை இருக்கிறதா என்று தேடுங்கள். பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால், பயிற்சித் தாள் தட்டச்சுக்கும் இணைய வகுப்புக்கும் அதுவே போதும். கேபிளை இந்த முறை அந்தத் துளையில் சொருகுங்கள்.