உடைச்சாத்தான் தெரியும்!

‘எல்லாக் குச்சியும் சூப்பரா எரியுது, ஒவ்வொண்ணா கிழிச்சுப் பார்த்துட்டேன்’னு காலித் தீப்பெட்டியோட வந்து நிற்பானே ஒருத்தன், அந்த ஜோக்குக்குச் சிரித்திருப்பீர்கள். சிவில் லேப்பில் நடப்பதும் அதேதான் பாஸ்!

கான்கிரீட் க்யூப், பக்கத்துக்கு 15 செ.மீ. தண்ணீரில் ஊறவைத்து, 28-ம் நாள் கம்ப்ரெஷன் மெஷினில் நசுக்க வேண்டும். எம்20 கலவை என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன். ஒரு க்யூபுக்கு 450 கிலோநியூட்டன். வந்தது 15 தான் என்றால்? சைட்டில் அதற்குள் அடுத்த மாடிக்கு சென்ட்ரிங் அடித்திருப்பார்கள். ‘உங்க மெஷின் சரியில்ல சார்’ என்பார் கான்ட்ராக்டர். ‘உங்க கலவைதான் சரியில்ல’ என்பார் இன்ஜினீயர். இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணலாமென்றால் க்யூப் தூள்!

போல்ட்டுக்கு இந்தத் தலைவலி இல்லை. 10 போல்ட், 3 பேர், ஆளுக்கு இரண்டு மூன்று தடவை அளந்தால் போதும். ஒரே ஆள் அளந்தே எண் மாறினால் கருவியின் ஆட்டம். ஆளுக்கு ஆள் மாறினால் அளக்கிற விதத்தில் கோளாறு. இதற்குப் பேர் ‘கேஜ் ஆர் அண்ட் ஆர்’. மொத்த ஏற்ற இறக்கத்தில் அளவீட்டின் பங்கு 10 சதவிகிதத்துக்குள் இருந்தால் ஓகே, 30-ஐத் தாண்டினால் அவுட்.

க்யூபில்? ஒரே கலவையில் வார்த்த க்யூப்களை ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்று வைத்துக்கொண்டு, ஆளுக்குச் சிலவாக உடைக்கிறார்கள். ஆனால் அவை ட்வின்ஸ்தானே தவிர, ஒரே ஆள் இல்லையே! ஒன்றைக் கம்பியால் சரியாகக் குத்தி நிரப்பவில்லை என்றால், அந்த வித்தியாசமும் மெஷின் தலையில்தான் விழும். பிரித்துப் பார்க்க வழியில்லை. ஆக, பிழை குறைவாக வந்தால் மெஷினை தாராளமாக நம்பலாம். அதிகமாக வந்தால் யாரையும் திட்ட முடியாது. எனக்குப் பிடித்த விஷயமே இதுதான்.

லோடு காட்டுவது சரியா என்று மட்டும் தனியாகப் பார்க்க ‘புரூவிங் ரிங்’ உண்டு. எஃகு வளையம். அழுத்தினால் நெளியும், விட்டால் பழையபடி ஆகிவிடும். மிச்சம் நம் கையில். சதுர மில்லிமீட்டருக்கு நிமிடத்துக்கு 14 நியூட்டன் வீதம் நிதானமாக ஏற்ற வேண்டும். அவசரமாக ஏற்றினால் ஸ்ட்ரெங்த் கூடுதலாகக் காட்டும். (லஞ்சுக்கு முன்னால் உடைத்த க்யூபை நான் நம்புவதில்லை!) மூன்று க்யூப்களில் ஒன்று சராசரியிலிருந்து 15 சதவிகிதத்துக்கு மேல் விலகினாலும் ரிசல்ட் செல்லாது என்கிறது ஐ.எஸ். 456.

அப்புறமும் சண்டை தீரவில்லையா? கட்டடத்திலேயே துளைபோட்டு குறைந்தது மூன்று ‘கோர்’ எடுக்க வேண்டும். சராசரி, தேவையான பலத்தில் 85 சதவிகிதம் இருந்தால் பாஸ், ஆனால் எதுவும் 75-க்குக் கீழே போகக்கூடாது. அந்தக் கோர்களையும் உடைச்சுத்தான் பார்க்கணும்!