காதின் கணக்கும் கருவியின் கணக்கும்

ஆடிக் கிருத்திகை உற்சவத்தின்போது திருத்தணிக்கு வருகிறவர்களுக்கு, மலையின் 365 படிகளில் முதற்படி காலில் படுவதற்கு வெகு நேரம் முன்பே, பம்பையும் உடுக்கையும் சேர்ந்த முழக்கமும், புஷ்பக் காவடி தூக்கி வருகிற கூட்டங்களின் அரோகரா கோஷமும் காதில் வந்து விழுந்துவிடும். அது அந்த ஸ்தலத்துக்கே உரிய சப்தம், அதை யாரும் குறைசொல்வதில்லை. மனத்தாங்கல் எல்லாம், தெருமுனைக் கம்பத்தில் கட்டிய குழாய்களையும், வேனின் பின்புறம் ஆளுயரத்துக்கு அடுக்கிவரும் பாக்ஸ்களையும் பற்றியது. முத்துஸ்வாமி தீட்சிதர் தம்முடைய முதல் கீர்த்தனத்தைப் பாடியது இந்த மலையில்தான் என்பது சங்கீத உலகத்தின் நெடுநாளைய வழக்கு. அவருக்கு ஆம்ப்ளிஃபயர் தேவைப்படவில்லை என்பதை ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போகலாம்.

இத்தகைய தகராறுகளில் வழக்கமாக நடப்பது இதுதான். வீட்டில் நோயாளியையோ பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையையோ வைத்திருக்கும் ஒருவர் மைக் செட்டுக்காரரிடம் போய், "தம்பி, கொஞ்சம் குறைச்சு வைப்பா" என்கிறார். அவரும் தயவுள்ளவராக இருந்தால், ஒரே மாதிரியான இரண்டு பாக்ஸ்களில் ஒன்றின் ஒயரைக் கழற்றிவிட்டு, "பாதியாக் குறைச்சாச்சு, சார்" என்கிறார். வீடு திரும்பியவருக்கோ குறைந்ததாகவே தோன்றுவதில்லை, ஏமாற்றப்பட்டதாக எண்ணிக் கோபம் கொள்கிறார். உண்மையில் இருவருமே பொய் சொல்லவில்லை. வெளியே போகிற ஒலிச்சக்தி பாதியாகிவிட்டது. ஆனால் டெசிபலில் அது 3 மட்டுமே இறக்கம், காதுக்கோ ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான இறக்கம்.

டெசிபல் என்பது பெருக்கத்தைக் கூட்டலாக மாற்றிக் காட்டும் அளவு. செவிக்கு எட்டும் ஓசைகளுள் மிக மெல்லியதன் காற்றழுத்தத்தை, அதாவது 20 மைக்ரோபாஸ்கலை, பூஜ்யமாக வைத்துக்கொண்டு, ஒலிச்சக்தி பத்து மடங்காகும் ஒவ்வொரு தடவையும் 10 கூட்டிக்கொண்டு போவார்கள். ஆகவே 60 டெசிபலுக்கும் 90 டெசிபலுக்கும் நடுவே இருப்பது ஆயிரம் மடங்கு சக்தி. ஆயினும் நம்முடைய செவி ஆயிரம் மடங்கை அப்படியே உணர்வதில்லை. ஹார்வர்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த மனோதத்துவ அறிஞர் எஸ்.எஸ்.ஸ்டீவன்ஸ், மனிதர் உணரும் உரப்புக்கென்றே 1936-இல் 'சோன்' என்ற தனி அலகை ஏற்படுத்தினார். விநாடிக்கு 1000 அதிர்வுள்ள ஒரு சுருதி 40 டெசிபலில் ஒலிக்கும்போது கேட்கிற உரப்பு ஒரு சோன். அதற்குமேல் ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் சோன் இரட்டிக்கும். 50-இல் 2, 60-இல் 4, 70-இல் 8, 80-இல் 16, 90-இல் 32. சோனிலிருந்து டெசிபலுக்குத் திரும்ப வேண்டுமானால், ஒன்றை எத்தனை தரம் இரட்டித்தால் அந்த எண் கிடைக்கிறதோ, அத்தனை பத்துக்களை 40-உடன் கூட்ட வேண்டும். மேற்சொன்ன ஆயிரம் மடங்கு, இந்தக் கணக்கில், வெறும் எட்டு மடங்குதான்.

இதிலிருந்து மைக் செட்டுக்காரரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது விளங்கும். காதுக்குப் பாதியாக வேண்டுமென்றால் 10 டெசிபல் இறங்க வேண்டும். அதற்கு 1000 வாட் வெளியேறுகிற இடத்தில் 100 வாட் போதும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தெருவின் ஒரு முனையில் பாக்ஸ்களை மலைபோல் குவித்துக் கடைசி வீடுவரை அடிப்பதைவிட, சிறிய பாக்ஸ்களைத் தள்ளித் தள்ளி வைத்துத் தணிவாக ஓட்டினால், கேட்க விரும்புகிறவர்களுக்குக் கேட்கவும் கேட்கும், மற்றவர்களுக்குத் தொல்லையும் இராது. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறைகிறது. ஆகையால் குழாயை நாலு வீடு தள்ளிக் கட்டுவதும், அதன் வாயை வேறு திசைக்குத் திருப்புவதும்கூட அலட்சியப்படுத்தத் தக்க உபாயங்கள் அல்ல.

சட்டம் எந்தக் கணக்கில் பேசுகிறது? மத்திய அரசின் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000, முழுக்க டெசிபலில்தான் பேசுகின்றன. காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணிவரை குடியிருப்புப் பகுதிக்கு 55, வியாபாரப் பகுதிக்கு 65. இரவில் முறையே 45, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அரசு அமைதிப் பகுதியாக அறிவித்திருந்தால், அங்கே பகலில் 50, இரவில் 40. ஒலிபெருக்கி வைக்கும் பொது இடத்தின் எல்லையில், அந்தப் பகுதிக்கு உரிய அளவுக்குமேல் 10, அல்லது 75, இவ்விரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. '75 வரை போகலாமே' என்று செட்டுக்காரர்கள் சொல்வது இந்த விதியின் பின்பாதியை மட்டும் படித்ததன் விளைவு. குடியிருப்புத் தெருவில் பகலில் எல்லை 65தான். 65-க்கும் 75-க்கும் என்ன பெரிய பேதம் என்று கேட்பவருக்கு, காதின் அளவில் அது இரட்டிப்பு என்பதே பதில்.

விதிகள் புகாருக்கு வைத்திருக்கும் வாசலும் இதே பத்தில்தான் இருக்கிறது. பகுதிக்கு உரிய அளவைவிட 10 அல்லது அதற்குமேல் மிகுந்தால்தான் புகார் செய்யலாம். அதாவது, அனுமதித்த ஓசையைப்போல இரு மடங்கு உரப்பாகும் வரையில் குடிமகன் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆகிறது. இதை நான் சற்று மிதமிஞ்சிய தாராளம் என்றே கருதுகிறேன். இரவுக்கு மட்டும் இந்த நிபந்தனை இல்லை. 10 மணிமுதல் காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியே கூடாது; சமய, கலாசார விசேஷங்களுக்காக மாநில அரசு ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணிவரை தளர்த்தலாம், அவ்வளவே. இந்தத் தடையை மீறினால் புகார் செய்ய டெசிபல் மானி தேவையில்லை, கடிகாரம் போதும்.

மானி காட்டும் எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சட்டம் கேட்பது வெறும் டெசிபல் அன்று, 'டெசிபல் (ஏ)'. தாழ்ந்த சுருதிகளைச் செவி மந்தமாகவே கேட்கிறது என்பதற்காக, இந்த அளவில் அவற்றுக்குத் தள்ளுபடி கொடுக்கிறார்கள். விநாடிக்கு 63 அதிர்வுள்ள ஓசைக்கு 26 டெசிபல் கழிந்துபோகும். மெல்லிய ஓசைகளுக்கு அது நியாயமே. ஓசை பெருகப் பெருக, தாழ் சுருதியில் செவிக்கு இருக்கும் மந்தம் குறைந்துகொண்டே வருகிறது, மானியின் தள்ளுபடியோ குறைவதில்லை. ஜன்னல் கண்ணாடியை நடுங்கவைத்து நெஞ்சில் இடிக்கும் சப் ஊஃபர் சத்தம், அதிகாரியின் கருவியில் சாதுவான ஓர் எண்ணாக வந்து நிற்பதற்குக் காரணம் இதுவே. புகார் எழுதுகிறவர் அந்த அதிர்வைத் தனியே குறிப்பிடுவது நல்லது.

இதுகாறும் சொன்னது தொல்லை, இனி அபாயம். உட்செவியிலுள்ள மயிரிழைச் செல்கள், சோன் கணக்கில் அல்ல, சக்தியின் கணக்கில் சேதமடைகின்றன, சேதமடைந்தவை மனிதருக்குத் திரும்ப முளைப்பதுமில்லை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது தொழில் சுகாதார நிபுணர்கள் பரவலாகக் கைக்கொள்ளும் எல்லை. 3 டெசிபல் ஏறும்தோறும் நேரம் பாதியாகும். 88-இல் நாலு மணி, 91-இல் இரண்டு, 94-இல் ஒன்று, 97-இல் அரைமணி, 100-இல் கால்மணி. 85-லிருந்து 100-க்குப் போகும்போது காது உணர்வது மூன்று மடங்குக்கும் குறைவான உரப்பு, காதுக்குள் இறங்குவதோ முப்பது மடங்குக்கும் மேற்பட்ட சக்தி. எரிசாராயத்தைப் பானகம் என்று நாக்கு சொல்லும் கதைதான் இது. பழகிவிட்டது என்று சொல்கிற செட்டுக்காரர், பாக்ஸ்களுக்கு முன்னால் வாசிக்கும் பம்பைக்காரர், வழியோரத்தில் நாள் முழுதும் பூஜைத் தட்டு விற்கிறவர், தகப்பன் தோளில் உட்கார்ந்து ஊர்வலம் பார்க்கும் குழந்தை ஆகியோர் விஷயத்தில் உணர்வை நம்புவது தவறு. இரவு வீடு வந்தபின் காதில் இரைச்சல் கேட்டாலும், எதிரே பேசுவோர் பேச்சு மங்கினாலும், அளவு மீறிவிட்டது என்று கொள்ள வேண்டும். அது சில நாட்களில் தெளியாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும்.

நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் தயங்கவில்லை. சென்னை மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய குடியிருப்புக்கும் ஒரு தேவாலயத்துக்கும் நடந்த வழக்கில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்து பார்த்து, வாகன இரைச்சலையே பெரிதாகக் காட்டியது. அப்படியிருந்தும் உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்ட் 30-ஆம் தேதி, ஒலிபெருக்கி வைத்துத்தான் பிரார்த்திக்க வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. 2005 ஜூலை 18-இல், தலைமை நீதிபதி ஆர்.சி.லகோட்டி அமர்வு, வேண்டாத சப்தத்திலிருந்து விடுபட்டிருப்பது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று நிலைநாட்டிற்று. அந்த வழக்குக்கு முகாந்தரம், ஒலிபெருக்கி இரைச்சலில் ஒரு சிறுமியின் அபயக் குரல் அக்கம்பக்கத்தில் யாருக்கும் கேட்காமல் போன கொடுமை.

திருத்தணி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்த ஊர். எல்லைக்கு அப்பால் நகரியிலும் இதே மத்திய விதிகள்தான், அதிகாரிகள் மட்டுமே வேறு. இந்தப் பக்கத்தில் இரவில் உடனடி உதவிக்கு 112. எழுத்து மூலமான புகார் டி.எஸ்.பி.க்கோ திருவள்ளூர் மாவட்ட ஆட்சியருக்கோ போக வேண்டும். ஓயாத தொல்லையானால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவின்கீழ், அதை அகற்ற உத்தரவிடும்படி கோட்டாட்சியரிடம் மனுச் செய்யலாம். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இப்போது அபராதம் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை. மனுவில் தேதி, ஆரம்பித்த மணி, முடிந்த மணி, ஓசை புறப்படும் இடம் ஆகியவற்றை எழுதி, ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலமான அனுமதி இருக்கிறதா என்பதைக் காட்டச் சொல்லி, அந்த இடத்தின் எல்லையில் மானி வைத்து அளக்கும்படி கேட்க வேண்டும். செல்பேசியில் எடுத்த அளவை இணைக்கலாம். அது அதிகாரியின் மானிக்கு ஈடாகாது, அவரைப் புறப்படச் செய்யத்தான் உதவும்.