‘அம்மாகிட்ட குடுக்கிறேன்’

பாண்டியனும் கதிரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஒரே கூடத்தைத் தாண்டித்தான் வெளியே போகிறார்கள், வருகிறார்கள். ஆனால் அப்பா மகனுக்குச் சொல்ல வேண்டியது அம்மா கோமதியின் காதுக்குப் போகிறது. மகன் அப்பாவுக்குச் சொல்ல வேண்டியதும் அவள் வழியாகத்தான் வருகிறது. விஜய் டிவியில் 2023 அக்டோபர் கடைசியில் தொடங்கிய ‘பாண்டியன் ஸ்டோர்ஸ் 2’ இத்தனை வீடுகளில் ஒட்டிக்கொண்டதற்கு நாத்தனார் சண்டையோ சம்பந்தி வம்போ காரணம் என்று நான் நினைக்கவில்லை. கோமதி அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடக்கிற நடைதான் காரணம். முதல் பாகம் அண்ணன் தம்பிகளின் கதை. இது ஒரு அப்பாவும் மூன்று மகன்களும். கதிர், ராஜி கழுத்தில் தாலி கட்டியது எப்படி என்பது பார்க்கிற நமக்கெல்லாம் தெரியும். பாண்டியனுக்கு மட்டும் நெடுநாள் தெரியாது. அந்த ரகசியத்தை வயிற்றில் நெருப்பாகக் கட்டிக்கொண்டு திரிந்தது கோமதி.

இதே கதை 2024-இல் ஏசியாநெட்டில் ‘சாந்த்வனம் 2’ ஆகி மலையாளம் பேசத் தொடங்கியது. இரண்டையும் ஒரே தெருவில் பார்க்கிற ஊர்கள் உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்துக் கல்லாறு அப்படிப்பட்ட இடம். நெடுமங்காடும் விதுராவும் தாண்டிப் பொன்முடிக்கு ஏறுகிறவர்கள் டீ குடிக்க நிறுத்துகிற ஊர். அதற்கு மேல் 22 கொண்டை ஊசி வளைவுகள். காட்டோரம் காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்புகள். மேலே பொன்முடி, போனக்காடு பக்கம் தேயிலைத் தோட்டங்கள். அந்தத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வெளியே மலையாளமும் வீட்டுக்குள் தமிழும் பேசுகிறார்கள். தோட்ட வேலை நொடித்த பிறகு மகன்கள் ஓட்டலுக்கும் கட்டட வேலைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். அப்பாக்கள் இருக்கிறார்கள்.

அப்படி ஒரு வீட்டில் சாயங்கால நேரத்தில் உட்கார்ந்திருந்தேன். டிவியில் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. வளைகுடாவிலிருந்து மகனின் வீடியோ கால். போன் அப்பாவின் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. அவர் அதை எடுத்து, திரையைக் கூடப் பார்க்காமல், “அம்மாகிட்ட குடுக்கிறேன்” என்று சொல்லி நீட்டினார். அந்த அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினார். “அப்பா சாப்பிட்டாரா?” என்று அங்கிருந்து கேள்வி. “சாப்பிட்டாரு. காலு வீக்கம்தான் கொறையல.” பிறகு போனைத் திருப்பி, “இந்தா பாரு உங்கப்பாவ” என்று காட்டினார். பெரியவர் ஒரு கையைத் தூக்கினார், அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னால் அவர் ஒரு காரியம் செய்திருந்தார். ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் குறைத்திருந்தார். மகன் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் அவருக்குக் கேட்க வேண்டும். அவர் கேட்கிறார் என்பது மகனுக்குத் தெரியக் கூடாது.

போன் வைத்ததும் அந்த அம்மா என்னிடம் சொன்னார்: “பத்து வருசமா இப்படித்தாங்க. அவன் லோன் எடுத்ததுல வந்த கோவம். லோன் அடைஞ்சே போச்சு.”

நான் தொடர்களை விடாமல் பார்க்கிறவள். பார்ப்பதற்காக யாரிடமும் கூச்சப்பட்டதில்லை. அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் அம்மா நிற்கிற இந்தச் சேதியைத் திரை இன்று நேற்றுச் சொல்லவில்லை. 1974-இல் பி. மாதவன் இயக்கத்தில் வந்த ‘தங்கப்பதக்கம்’ படத்தை நினைத்துப் பாருங்கள். சிவாஜியின் போலீஸ் அதிகாரி மிடுக்கைப் பற்றி இன்றும் பேசுகிறோம். கே.ஆர். விஜயாவின் அம்மா பாத்திரத்தை அழுகைக்கான பாத்திரமாக ஒதுக்கிவிடுகிறோம். அந்த வீட்டில் அப்பனும் மகனும் ஒருவரையொருவர் முழுதாகத் தொலைக்காமல் இருந்தது அவள் இருந்தவரைக்கும்தான். அவள் போன பிறகு அந்த இருவருக்கும் நடுவில் மிஞ்சியது துப்பாக்கி. கதை அமைப்பிலேயே அது இருக்கிறது. நாம்தான் கடமை, நேர்மை என்று மட்டும் படித்துக்கொண்டோம்.

மலையாளத்தில் இதைவிட நுட்பமாகச் செய்தார்கள். 1989-இல் லோகிததாஸ் எழுதி சிபி மலையில் எடுத்த ‘கிரீடம்’, 1995-இல் பத்ரன் எடுத்த ‘ஸ்படிகம்’. இரண்டிலும் அப்பா திலகன், மகன் மோகன்லால். தமிழில் ‘கிரீடம்’, ‘வீராப்பு’ என்று இரண்டும் 2007-இல் வந்தன. கல்லாற்றிலிருந்து மலையிறங்கித் தலைநகரத்தைத் தாண்டி வெள்ளாயணிக்குப் போனால், ‘கிரீடம்’ படத்தில் வந்ததற்காகவே ‘கிரீடம் பாலம்’ என்று பெயர் பெற்ற சின்னப் பாலம் இருக்கிறது. ஜனங்கள் இன்றும் அங்கே போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தப் படத்தில் அச்சுதன் நாயர் மகனை சப் இன்ஸ்பெக்டராகப் பார்க்க ஆசைப்பட்ட கான்ஸ்டபிள். கடைசியில், அந்த வேலைக்கு மகன் தகுதியில்லாதவன் என்று ஸ்டேஷனில் அறிக்கை கொடுப்பவரும் அவரே. அந்த இடத்தில் திலகனின் குரலைக் கேளுங்கள். மகனிடம் நெஞ்சைத் திறந்து பேசத் தெரியாத மனிதருக்கு, மகனைப் பற்றி ஆபீஸ் பாஷையில் பேச மட்டும் தடங்கல் இல்லை. வீட்டில் அம்மாவாகக் கவியூர் பொன்னம்மா இருக்கிறார். அவரால் செய்ய முடிந்ததெல்லாம் அங்கே தீர்ந்துபோயிருக்கும்.

‘ஸ்படிகம்’ படத்தின் சாக்கோ மாஷ் கணக்கு வாத்தியார். கணக்கு வராத மகனுக்கு வேறு எது வரும் என்று அவர் பார்க்கவே இல்லை. மகன் அப்பாவின் சட்டைக் கையை வெட்டுகிற அளவுக்கு வெறுப்பு முற்றுகிறது. நடுவில் அம்மாவாக கே.பி.ஏ.சி. லலிதா. இவர் புருஷனுக்குப் பயப்படுவார், மகனுக்குச் சோறு போடுவார். ஒரே முகத்தில் இரண்டையும் காட்டத் தெரிந்த நடிகை அவர். அப்பாவுக்கு உண்மை உறைக்கும்போது காலம் கடந்துவிடுகிறது. மகனுக்கு வந்த குண்டு அவர் மேல் பாய்கிறது. 2023-இல் இந்தப் படத்தைப் புதுப்பித்து மறுபடி தியேட்டரில் விட்டார்கள். பையன்கள் மோகன்லாலின் முண்டுச் சண்டைக்கு விசிலடித்தார்கள். எனக்கு அந்த அம்மாவைத்தான் பார்க்கத் தோன்றியது. லலிதா 2022-இல் போனார், பொன்னம்மா 2024-இல்.

என் கவலை இந்த அம்மாக்களைப் பற்றியதுதான். அப்பா மகன் பிணக்கு என்று எழுதச் சொன்னால் எல்லாரும் தலைமுறை இடைவெளி, செல்போன், காதல் கல்யாணம், கடன் என்று போவார்கள். பிணக்கு வருவது இயற்கை. அது பத்து வருஷம் இருபது வருஷம் தீராமல் கிடப்பதற்குக் காரணம், தீர்க்காமலே காலம் தள்ள முடிகிறது என்பதுதான். சாப்பாடு வருகிறது, சேதி வருகிறது, மாதப் பணம் வருகிறது, மருந்து மாத்திரை வருகிறது. எல்லாவற்றையும் ஒருத்தி சுமந்து கொடுக்கிறாள். கடுஞ்சொல்லை வடிகட்டி, நல்ல சொல்லாக மாற்றி, சில சமயம் யாருமே சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லி. “அப்பா உன்னைக் கேட்டாருடா” என்று எத்தனை அம்மாக்கள் பொய் சொல்லியிருப்பார்கள்! இரண்டு ஆண்களின் வீம்பும் அவளுடைய உழைப்பில்தான் நிற்கிறது. அந்த உழைப்புக்கு ஓய்வு நாள் கிடையாது. அதை ஒரு வேலை என்று யாரும் கணக்கில் சேர்ப்பதும் கிடையாது.

அப்பாக்களின் பக்கமும் சொல்ல வேண்டும். அவர்களுடைய மௌனமே பாசம், அந்தக் காலத்து மனிதர்களுக்கு அப்படித்தான் காட்டத் தெரியும் என்பார்கள். இருக்கலாம். ரிமோட்டைக் குறைத்த கையை நானும் பார்த்தேன்.

ஆனால் அம்மா முந்திக்கொண்டால்? 2011 கணக்கெடுப்பிலேயே கேரளத்தில் அறுபது தாண்டியவர்கள் 12.6 சதவீதம், நாடு முழுக்க 8.6. பெண்கள்தான் அதிக காலம் இருக்கிறார்கள், தனியாக நிற்கும் அம்மாக்களே அதிகம் என்பது வாஸ்தவம். அம்மா முதலில் போய்விடுகிற வீடுகளைத்தான் நான் சொல்கிறேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு அங்கே போன் அடித்தால், எடுத்து யாரிடம் கொடுப்பது? மகனுக்கு அப்பாவின் மாத்திரை பெயர் தெரியாது. அப்பாவுக்கு மகனின் மேஸ்திரி பெயர் தெரியாது. பேசினால் மழையைப் பற்றிப் பேசுவார்கள். மலைப்பாதையில் மண் சரிந்ததா, பஸ் வருகிறதா என்று கேட்டுக்கொள்வார்கள். பிறகு அதுவும் குறையும்.

தொடர் எழுதுகிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனாலும் அப்பாவும் மகனும் சேர வேண்டும் என்றால் உடனே நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி, ஐ.சி.யூ. கண்ணாடிக்கு வெளியே மகன் அழுவான், உள்ளே அப்பா கண் திறப்பார். பக்கத்தில் அம்மா தாலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நானும் சேர்ந்து அழுவேன். மறுநாள் மறந்துபோகும். ஏனென்றால் அந்த இருவரும் ஒருவரோடொருவர் பேசக் கற்றுக்கொண்டதே இல்லை. பயந்தார்கள், அவ்வளவுதான். பயம் தெளிந்ததும் அடுத்த வாரமே பழையபடி கோமதிகள் நடக்க ஆரம்பிப்பார்கள்.

எனக்கு ஒரு எபிசோடு வேண்டும். யாருக்கும் நோவு வர வேண்டாம், யாரும் சாக வேண்டாம். அம்மா தங்கச்சி வீட்டுக்கு ஒரு வாரம் போகட்டும். போகும்போது போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகட்டும். கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோகட்டும்; புதுசுக்குச் சொல்லி வைக்க கேஸ் புக் எங்கே என்று அப்பாவுக்குத் தெரியாது, மகனுக்கும் தெரியாது. “கேஸ் புக் எங்கடா?” என்று அப்பா நேராகக் கேட்கட்டும். பின்னணி இசை போடாமல் அந்த இருபது நிமிஷத்தையும் அவர்கள் அலமாரி அலமாரியாகத் தேடுவதற்கே கொடுங்கள். கல்லாற்றில் அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: “புக்கு அரிசி டின்னுக்குப் பின்னால இருக்கு. ஆனா நான் சொல்ல மாட்டேன்.”