காப்புறுதிச் சங்கம் தளர்ந்தாற் காப்பவர் யார்?

மழைக்கு முன் கூரை வேய்தல் விவேகிகள் செயல். உழைப்பவன் கண்மூடினாற் குடும்பம் தெருவில் நிற்கலாகாது. முதுமையிற் பிறர் கையை எதிர்பார்க்கலாகாது. இவ்வெண்ணம் பற்றியே மக்கள் ஆயுட் காப்புறுதி செய்கின்றனர். ஆயின், அக்கூரையே ஒழுகத் தொடங்கினால் யாது செய்வது? இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒரு வரலாற்றைக் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

'எக்குவிற்றபிள்' ஆயுட் காப்புறுதிச் சங்கம் 1762ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலே தோன்றியது. அவரவர் வயதையும் இறப்புக் கணக்கையும் நோக்கிக் கட்டுப்பணத்தை நிருணயிக்கும் முறையை அது கையாண்டது. அம்முறைக்கு வழி வகுத்தவர் யேம்சு டொட்சன் என்னும் கணித அறிஞர். அச்சங்கத்திற்குப் பங்குதாரர் இலர். காப்புறுதி செய்தோரே அதன் உடைமையாளர். இலாபமெல்லாம் தமக்கே என மக்கள் மகிழ்ந்தனர். இலாபம் தமக்கெனின் நட்டமும் தமக்கே என்பதை நினைந்தோர் சிலரே.

1988 வரை அச்சங்கம் விற்ற ஓய்வூதியப் பத்திரங்கள் பலவற்றில் ஓர் உறுதிமொழி இருந்தது. ஓய்வுபெறும் நாளிற் சேர்ந்துள்ள தொகைக்கு ஆண்டுதோறும் இவ்வளவு வீதம் ஆயுள்வரை வழங்குவோம் என்பதே அது. உதாரணமாக, நூறு பவுணுக்கு ஆண்டொன்றுக்குப் பத்துப் பவுண் தருவதாக வாக்களிக்கப்பட்டது எனக் கொள்வோம். வட்டி வீதம் உயர்ந்திருந்த காலத்தில் வெளியிலும் அவ்வளவு கிடைத்தமையால் அவ்வாக்குச் சுமையாகத் தோன்றவில்லை. 1990களில் வட்டி வீதம் வீழ்ந்தது. மக்களின் ஆயுளும் நீண்டது. வெளியில் எட்டுப் பவுணே கிடைக்கும் நிலையில், பத்துப் பவுண் என்னும் வாக்குப் பெருங்கடனாயிற்று. அதற்கென வேண்டிய ஒதுக்கு நிதியோ சங்கத்திடம் இருக்கவில்லை.

சங்கத்தார் ஒரு வழி கண்டனர். உறுதியளித்த வீதத்தைக் கேட்போருக்கு இறுதிப் போனசைக் குறைத்தனர். ஒரு கையாற் கொடுத்து மறுகையால் வாங்குதல் போன்றது இது. வழக்கு எழுந்தது. அந்நாளில் அந்நாட்டின் உச்ச நீதிபீடமாக விளங்கிய பிரபுக்கள் சபை, அவ்வாறு செய்தல் தகாது என 2000 யூலை 20இல் தீர்ப்பளித்தது.

தீர்ப்பினால் விளைந்த செலவு ஏறத்தாழ 150 கோடிப் பவுண். அதனை யார் தாங்குவது? பங்குதாரர் இலர், எனவே உறுதிமொழி பெறாத ஏனைய அங்கத்தவரின் சேமிப்பும் அதற்கு இரையாயிற்று. சங்கத்தை வாங்குவார் எவரும் முன்வராமையால், 2000 டிசெம்பர் 8இல் அது புதிய காப்புறுதி ஏற்பதை நிறுத்தியது. 2001 யூலையில் ஓய்வூதியப் பத்திரங்களின் பெறுமதியில் நூற்றுக்கு 16 வீதம் குறைக்கப்பட்டது. விலகியோர் தண்டத் தொகை இழந்தனர். ஓய்வூதியம் பெறத் தொடங்கிவிட்ட முதியோர்க்கோ விலகவும் வழியில்லை. ஆண்டுதோறும் வருமானம் தேய்வதைப் பார்த்திருந்தனர்.

மேற்பார்வை செய்ய வேண்டிய அரச அதிகாரிகளும் நெடுங்காலம் கடமை தவறினர் எனப் பாராளுமன்றக் குறைகேள் அதிகாரி 2008இல் அறிக்கையிட்டார். 2010இல் அரசாங்கம் 150 கோடிப் பவுண் இழப்பீடு அறிவித்தது. ஓய்வூதியம் பெற்றுவந்த முதியோருட் பெரும்பாலார்க்கு முழு இழப்பும் ஈடுசெய்ய முடிவாயிற்று; ஏனையோர்க்கு இழப்பில் நூற்றுக்கு 22.4 வீதமே கிட்டியது. இழப்பீட்டைக் காணாமலே மறைந்தோரும் பலர். 2020 சனவரி முதலாந் திகதி எஞ்சிய பத்திரங்கள் வேறொரு கம்பனிக்கு மாற்றப்பட்டன.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? வாக்கு வேறு, அவ்வாக்கைக் காக்கும் நிதி வேறு. நிதி ஒதுக்காது அளித்த வாக்கு, அயலவன் பணத்தைக் கொண்டு அளித்த வாக்கேயாகும். பழமையும் பெரும்பேரும் நிதிக்கு ஈடாகா.

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்க் காப்புறுதித் தொழிலை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு உண்டு. ஆயினும் காவலன் உளன் என்று கதவைத் திறந்து வைத்துத் துயிலலாமோ? இம்மலரைப் படிக்கும் மாணவர் நாளை உழைப்பாளராகிக் காப்புறுதிப் பத்திரத்திற் கையொப்பமிடுவர். பழைய மாணவருட் பலர் முன்னரே இட்டுள்ளனர். பத்திரத்தில் உறுதியாக வாக்களித்த தொகை எது, போனசாக எதிர்பார்க்கும் தொகை எது, இடையில் விலகின் இழப்பு எவ்வளவு, கம்பனியின் ஆண்டறிக்கை காட்டும் நிதிநிலை யாது என்னும் நான்கையும் கேட்டறிந்த பின்னரே பேனாவை எடுப்போமாக. காப்புறுதியை வெறுத்தல் இதன் கருத்தன்று. கூரை வேயுமுன் வளையின் உறுதியைத் தட்டிப் பார்த்தலே நாம் வேண்டுவது.