கம்பெனியைக் காப்பாற்றிய கரண்ட் கட்! சர்வர் பேக்கப்பில் எங்கே கோட்டை விடுகிறோம்?

கரண்ட் போனால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆனால் 2017-ல் ஆப்பிரிக்க நாடான கானாவில் போன கரண்ட், மெர்ஸ்க் என்ற பிரம்மாண்ட கப்பல் நிறுவனத்தையே காப்பாற்றியது. சர்வர் வைத்திருக்கும் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் இதில் பாடம் இருக்கிறது.

என்ன நடந்தது?

2017 ஜூன் 27. உக்ரைனில் வரிக் கணக்குக்குப் பயன்படும் எம்.இ.டாக் என்ற சாஃப்ட்வேரின் அப்டேட் வழியாக 'நாட்பெட்யா' வைரஸ் பரவியது. பார்க்க, பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் போலத்தான் இருந்தது. ஆனால் பணம் கட்டினாலும் ஃபைல்கள் திரும்பக் கிடைக்காது. அழிப்பது மட்டுமே அதன் வேலை.

டென்மார்க்கைச் சேர்ந்த மெர்ஸ்க்கின் நெட்வொர்க்கிலும் அது புகுந்தது. திருடிய பாஸ்வேர்டுகளை வைத்தே ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொன்றுக்குத் தாவியது. மும்பை அருகே உள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்தும் முனையம் வரை வேலை முடங்கியது.

சிக்கல் எங்கே?

நெட்வொர்க்கில் யார் யார் இருக்கிறார்கள், யார் எதைத் திறக்கலாம் என்ற பதிவேட்டை வைத்திருப்பது 'டொமைன் கன்ட்ரோலர்' என்ற சர்வர். அது இல்லையென்றால் மற்ற சர்வர்களை மீட்டாலும் ஊழியர்கள் லாகின் செய்ய முடியாது.

மெர்ஸ்க்கிடம் இப்படி சுமார் 150 சர்வர்கள் உலகம் முழுக்க இருந்தன. ஒன்றில் செய்யும் மாற்றம் மற்ற எல்லாவற்றிலும் தானாகப் பதிவாகும். ஒன்று கெட்டால் இன்னொன்று கைகொடுக்கும் என்ற நம்பிக்கை. எல்லாமே ஒரே நேரத்தில் போனால் என்ன செய்வது? அதை யாரும் யோசிக்கவில்லை. மற்ற சர்வர்களின் பேக்கப் கிடைத்தது; இதற்கு மட்டும் கிடைக்கவில்லை.

கைகொடுத்த கானா

தேடித் தேடி, கானா அலுவலகத்தில் ஒரே ஒரு சர்வர் தப்பியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். தாக்குதல் நடந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை. அதனால் அது நெட்வொர்க்கிலும் இல்லை, வைரஸும் தொடவில்லை.

அங்கிருந்த இன்டர்நெட் வேகத்தில் டேட்டாவை அனுப்பப் பல நாட்கள் ஆகும். நேரில் கொண்டுபோகலாம் என்றால், அங்கிருந்த ஊழியர்கள் யாரிடமும் பிரிட்டன் விசா இல்லை. கடைசியில் ஒருவர் ஹார்டு டிஸ்க்கை நைஜீரியா வரை கொண்டுபோய்க் கொடுக்க, இன்னொருவர் அதை வாங்கிக்கொண்டு லண்டனுக்கு விமானம் ஏறினார்.

அதன் பிறகே மீட்புப் பணி சூடுபிடித்தது. 10 நாட்களில் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் புதிதாக அமைத்ததாக, அப்போதைய தலைவர் ஜிம் ஹேகமன் ஸ்னாபே 2018-ல் டாவோஸ் மாநாட்டில் சொன்னார். நிறுவனம் சொன்ன நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர்.

நகல் வேறு, பேக்கப் வேறு

இரண்டு சர்வர்கள் ஒன்றையொன்று பார்த்து நகல் எடுத்துக்கொள்வது பேக்கப் ஆகாது. ஒன்றில் தவறுதலாக ஒரு கணக்கை அழித்தால், சில நிமிடங்களில் மற்றதிலும் அழிந்துவிடும். நேற்று இருந்த நிலைக்குத் திரும்ப முடிந்தால்தான் அது பேக்கப்.

எதை எடுக்க வேண்டும்?

டாக்குமென்ட், டேட்டாபேஸ் மட்டும் போதாது. விண்டோஸ் சர்வர் என்றால் 'சிஸ்டம் ஸ்டேட்' முக்கியம். ரெஜிஸ்ட்ரி, பூட் ஃபைல்கள், டொமைன் கன்ட்ரோலராக இருந்தால் அந்தப் பதிவேடு எல்லாமே இதில் அடங்கும். இதை எடுக்க 'விண்டோஸ் சர்வர் பேக்கப்' என்ற வசதி உண்டு. ஆனால் அது தானாக வராது, நாம்தான் சேர்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

* மொத்தம் 3 பிரதிகள், 2 வகை சாதனங்களில், அதில் 1 வேறு இடத்தில் இருக்க வேண்டும். இதுதான் 3-2-1 விதி.

* ஒரு பிரதியாவது நெட்வொர்க்கில் இருந்து கழற்றி வைக்கப்பட்டிருக்க வேண்டும். எப்போதும் சொருகியே இருக்கும் டிஸ்க்கையும் வைரஸ் விடாது.

* டொமைன் கன்ட்ரோலர் பேக்கப்புக்கு ஆயுள் உண்டு. பொதுவாக 180 நாட்களைத் தாண்டிய பிரதியை வைத்து மீட்க முடியாது.

* இந்த பேக்கப்பில் பாஸ்வேர்டு ரகசியங்களும் இருக்கும். அதனால் பூட்டிப் பாதுகாக்க வேண்டும்.

* எடுத்தால் மட்டும் போதாது. அவ்வப்போது வேறொரு மெஷினில் மீட்டுப் பார்க்க வேண்டும். 'பேக்கப் வெற்றி' என்று மெசேஜ் வந்தாலும், திறந்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

சின்ன ஆபீஸுக்கும் இது பொருந்துமா?

கண்டிப்பாக. ஒரே சர்வரை நம்பி பில்லிங், சம்பளக் கணக்கு என எல்லாவற்றையும் ஓட்டும் இடங்களில்தான் ஆபத்து அதிகம். உங்கள் அலுவலகத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் நாளைக்கே ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியா பேக்கப்பை ரீஸ்டோர் பண்ணிப் பார்த்தது எப்போ?" பதில் வரத் தாமதமானால் உஷாராகிவிடுங்கள். மெர்ஸ்க்குக்குக் கைகொடுத்த அந்தக் கரண்ட் கட், எல்லோருக்கும் சரியான நேரத்தில் வராது.