சேவ் வேறு, சப்மிட் வேறு

அந்தப் பெண் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். “பாருங்க மேடம், பிடிஎஃப் இங்கேதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை மத்தியானமே ஏத்திட்டேன்.” கையால் எழுதிய 14 பக்கம். தலைப்புகளுக்கு அடிக்கோடு, பக்க எண் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவள் சொன்னதில் பொய் இல்லை. கல்லூரியின் மூடுல் தளத்தில் அவள் பெயருக்கு எதிரே அந்தக் கோப்பு இருக்கத்தான் செய்தது. கூடவே ஒரு வரியும் இருந்தது: ‘டிராஃப்ட் - நாட் சப்மிட்டட்’. கோப்பை ஏற்றி ‘சேவ் சேஞ்சஸ்’ அழுத்தியவள், அடுத்து வந்த பக்கத்தின் அடியில் இருந்த ‘சப்மிட் அசைன்மென்ட்’ பொத்தானைப் பார்க்கவே இல்லை. போன் திரையில் விரலால் இரண்டு தள்ளு தள்ளினால்தான் அது கண்ணில் படும். கெடு திங்கட்கிழமை மாலை 5 மணி. அவள் என் மேசைக்கு வந்தது புதன்கிழமை.

பாடம் நடத்துவதோடு துறையின் மூடுல் பக்கங்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையும் எனக்குச் சில வருடங்களாக உண்டு. அதில் பார்த்துப் பார்த்து வருத்தப்பட்ட விஷயம் இதுதான்: தளத்தில் மார்க்கைக் கோட்டைவிடும் பிள்ளைகளில் பலர் படிக்காதவர்கள் அல்ல. உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டு, கடைசி இரண்டு நிமிடத்தில் தவறவிடுகிறார்கள். அந்த இரண்டு நிமிட வேலையை அரைமணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். ஆனால் முதலாம் ஆண்டில் சேர்ந்த அன்றைக்கு யூசர் நேமும் பாஸ்வேர்டும் எழுதிய துண்டுச் சீட்டைக் கையில் கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது. வீட்டில் முதல்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளை, லேப்டாப் இல்லாமல் போனிலேயே எல்லாம் செய்யும் பிள்ளை, அதைத் தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும் என்று நினைப்பது நியாயமில்லை.

மூடுலை உருவாக்கியவர் மார்ட்டின் டூகியாமாஸ். மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைப் பகுதியில் வளர்ந்தவர். பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. சிற்றலை வானொலி வழியாக நடந்த வகுப்பில் படித்த பையன் அவர். பின்னாளில் பெர்த் நகரில் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தபோது, அங்கிருந்த விலைக்கு வாங்கிய மென்பொருள் பிடிக்காமல், யாரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்றைத் தானே எழுதத் தொடங்கினார். 2002 ஆகஸ்டில் முதல் பதிப்பு வந்தது. வகுப்பறைக்குத் தொலைவில் இருக்கும் ஒருவரும் ஆசிரியரோடும் சக மாணவரோடும் பேசிக்கொண்டே படிக்கவேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை எண்ணம். நாம் அதை பிடிஎஃப் போட்டு வைக்கும் பீரோவாக வைத்திருக்கிறோம். அந்தக் குறையை ஆசிரியர்கள் தரப்பில் ஒப்புக்கொண்டுவிட்டு, மாணவர்களுக்கான விஷயத்துக்கு வருகிறேன்.

அசைன்மென்ட் பக்கத்தில் ‘சப்மிட்டட் ஃபார் கிரேடிங்’ என்ற வரி பச்சை நிறத்தில் வரும்வரை வேலை முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் எப்படி அமைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்து, சில பாடங்களில் சேவ் செய்ததுமே பச்சை வந்துவிடும். சிலவற்றில் தனியாக சப்மிட் அழுத்த வேண்டும். ஒரு பாடத்தில் பழகியதை வைத்து இன்னொன்றிலும் அப்படியே இருக்கும் என்று நம்பவேண்டாம். பச்சை வந்ததும், நேரம் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட். பிறகு நீங்கள் ஏற்றிய கோப்பைத் தளத்திலிருந்தே ஒருமுறை திறந்து பாருங்கள். வேறு பாடத்தின் கோப்பை ஏற்றியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், வீட்டு ரேஷன் கார்டு நகலை ஏற்றியவரையும் பார்த்திருக்கிறேன்.

கெடுவில் இரண்டு வகை உண்டு. ‘டியூ டேட்’ தாண்டினாலும் பல சமயம் கோப்பை ஏற்கும், தாமதம் என்று சிவப்பில் குறிக்கும். ‘கட்-ஆஃப் டேட்’ தாண்டினால் கதவு மூடிவிடும். இரண்டும் ஒன்றா, இடையில் நாள் இருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். அடுத்தது நள்ளிரவுக் குழப்பம். தளத்தில் ‘15ஆம் தேதி, 12:00 ஏஎம்’ என்று இருந்தால் 15ஆம் தேதி இரவு வரை நேரம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. 14ஆம் தேதி இரவோடு முடிந்தது. ஆசிரியர் தேதியை மட்டும் மாற்றிவிட்டு மணியைத் தொடாமல் விட்டால் இந்த 12:00 தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அது எங்கள் கவனக்குறைவு. பார்த்தவுடன் யாராவது ஒருவர் கேட்டுவிட்டால் வகுப்பு முழுக்கத் தப்பிக்கும். உங்கள் புரொஃபைலில் நேர மண்டலம் ‘ஏசியா/கொல்கத்தா’ என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது வேறாக இருந்தால் தளம் காட்டும் கெடுவே உங்களுக்கு மணிக்கணக்கில் தள்ளித் தெரியும்.

இரவு 11:59 கெடுவைப் பற்றி இன்னொன்று. நம் பிள்ளைகளில் பலர் நாளுக்கு ஒன்றரை ஜிபி ரீசார்ஜில் ஓடுகிறவர்கள். அந்த டேட்டா புதிதாக வருவது நள்ளிரவில். கெடு முடிவதும் நள்ளிரவில். வகுப்பு வீடியோ, பாட்டு, ரீல்ஸ் எல்லாம் போக இரவு பத்து மணிக்கு நெட் நத்தை வேகத்துக்கு வந்திருக்கும். அந்த வேகத்தில் 18 எம்பி கோப்பு ஏறாது. 12:01-க்கு நெட் பறக்கும். அப்போது கதவு மூடியிருக்கும். அதனால் என் வகுப்பில் சொல்வது, கெடு எந்த நேரமாக இருந்தாலும் அன்று காலை பஸ் ஏறுவதற்கு முன்னால் ஏற்றிவிடுங்கள் என்பதுதான். மழைக்காலத்தில் கரண்ட் போனால் டவரும் படுத்துவிடும் ஊர்க்காரர்கள் முந்தைய நாளே ஏற்றிவிடுவது நல்லது.

கோப்பு ஏன் 18 எம்பி ஆகிறது? கேமராவில் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து, அதை வேர்டில் ஒட்டி அனுப்புவதால். ஒரு படமே 4 எம்பி வரும். கூகுள் டிரைவில் கூட்டல் குறியைத் தொட்டால் ‘ஸ்கேன்’ என்று ஒன்று இருக்கிறது. பக்கங்களை வரிசையாக எடுத்து, ஓரம் வெட்டி, ஒரே பிடிஎஃப்பாகக் கொடுத்துவிடும். அளவும் வெகுவாகக் குறையும். டியூப்லைட்டுக்குக் கீழே நின்று எடுத்தால் உங்கள் தலை நிழலே தாளில் விழும். ஜன்னல் பக்கம் தரையில் வைத்து, பகலில் எடுங்கள். கோப்புக்குப் பதிவு எண்ணும் பாடக் குறியீடும் சேர்த்துப் பெயர் வையுங்கள். ‘டாக்குமென்ட் 1’ என்று 60 கோப்பு வந்து விழும்போது திருத்துகிறவருக்கு எது யாருடையது என்று தேடுவதே வேலையாகிவிடும்.

தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டிடிபி சென்டரில் டைப் செய்து வாங்கும்போது பல இடங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் அடித்துக் கொடுக்கிறார்கள். அங்கே திரையில் அழகாகத் தமிழ் தெரியும். அந்த எழுத்துரு இல்லாத என் கணினியில் திறந்தால், பத்துப் பக்கக் கட்டுரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். ‘அம்மா’ என்ற சொல்கூட அம்மாவாக இருக்காது. யூனிகோடில் அடித்துத் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் பிடிஎஃப் ஆக்கி வாங்குங்கள். அதையும் நண்பர் ஒருவரின் போனில் திறந்து பார்த்துவிட்டு ஏற்றுங்கள். போனிலேயே தமிழ் விசைப்பலகையில் தானே அடிக்கப் பழகிக்கொண்ட பிள்ளைகளின் கட்டுரைகள் நன்றாகவும் இருக்கின்றன என்பது என் அனுபவம். வெட்டி ஒட்டுவது குறைந்துவிடுகிறது.

ஆன்லைன் தேர்வு, அதாவது குவிஸ், இன்னும் பதற்றமான இடம். ‘அட்டெம்ப்ட்’ அழுத்திய நொடியிலிருந்து கடிகாரம் ஓடும். நீங்கள் பிரவுசரை மூடினாலும் ஓடும், போன் வந்து பேசினாலும் ஓடும். அரைமணி நேரத் தேர்வு 11 மணிக்கு மூடுகிறது என்றால், 10:45-க்கு நுழைபவருக்குப் பதினைந்து நிமிடம்தான். நெட் அறுந்துபோனால் பதறி ‘பேக்’ பொத்தானைத் தட்டாதீர்கள்; தளத்துக்குள் மறுபடி லாகின் செய்து அதே தேர்வைத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லி ஒரு பொத்தான் இருக்கும். ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போகும்போது விடை பதிவாகிவிடும். இடையிலும் தானாகவே பதிவாகிக்கொண்டிருக்கும். ஆகவே எழுதியது பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். ஒரே தேர்வை இரண்டு டேபில், அல்லது போனிலும் லேப் கணினியிலும் சேர்த்துத் திறக்கவேண்டாம். எது கடைசி விடை என்று தளமே குழம்பிப்போகும்.

முடிக்கும் இடத்திலும் அதே பழைய பொறிதான். ‘ஃபினிஷ் அட்டெம்ப்ட்’ என்பது தேர்வை முடிப்பதில்லை. எந்தக் கேள்விக்கு விடை பதிவாகியிருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்ற பட்டியலுக்குத்தான் அது கொண்டுபோகும். அங்கே ‘சப்மிட் ஆல் அண்ட் ஃபினிஷ்’ அழுத்தி, மறுபடி ஒருமுறை கேட்கும்போதும் அதையே அழுத்தவேண்டும். நேரம் முடிந்தால் தானாகச் சமர்ப்பிக்கும்படியும் தளத்தை அமைக்கலாம். நேரத்துக்குள் சமர்ப்பிக்காவிட்டால் கணக்கில் எடுக்காதபடியும் அமைக்கலாம். உங்கள் ஆசிரியர் எதை வைத்திருக்கிறார் என்று தெரியாதவரை, தானாக நடக்கும் என்று இருந்துவிடாதீர்கள்.

மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் என்பிடெல் பாடம் படிப்பவர்கள் இப்போது நிறையப் பேர். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிகள், ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாக எடுக்க இடம் கொடுக்கின்றன. அங்கே முறை வேறு. வார அசைன்மென்டைக் கெடுவுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் சமர்ப்பிக்கலாம். கடைசியாகச் சமர்ப்பித்ததற்குத்தான் மார்க். ஆகவே வீடியோ பார்க்கும்போதே தெரிந்ததைக் குறித்து ஒருமுறை சமர்ப்பித்துவிட்டு, பிறகு திருத்தலாம். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்களை மட்டும் எடுத்துக்கொள்வார்கள் என்பதால் ஒன்றிரண்டு போனால் மனம் தளர வேண்டாம். ஆனால் அசைன்மென்டுக்கான 25-க்கு 10, நேரில் எழுதும் தேர்வுக்கான 75-க்கு 30, இரண்டையும் தனித்தனியாக எட்டினால்தான் சான்றிதழ். பாடத்தில் சேர்வதும் தேர்வுக்குப் பதிவு செய்வதும் வேறு வேறு. இரண்டாவதை மறந்துவிட்டு 12 வாரம் உழைத்தவர்கள் உண்டு.

எனக்கு மிகவும் ஆதங்கமான விஷயத்துக்கு வருகிறேன். மாலை நேரங்களில் உட்கார்ந்து ஒவ்வொரு பிடிஎஃப்பிலும் சிவப்பில் எழுதித் திருத்துகிறோம். ‘இந்த வாதம் நன்றாக இருக்கிறது, சான்று எங்கே?’ என்று ஓரத்தில் கேட்கிறோம். மூடுலில் மார்க்குக்குக் கீழேயே அந்தத் திருத்திய தாள் இருக்கும். மார்க்கைப் பார்க்க வகுப்பு மொத்தமும் வருகிறது. திருத்தியதைத் திறப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அங்கே இப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்று மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் என்னிடம் சொன்னபோது எனக்குத் தூக்கமே வரவில்லை. மார்க் வந்த அன்று ‘கிரேட்ஸ்’ பக்கத்தோடு நிறுத்தாமல், அந்த அசைன்மென்டுக்குள்ளேயே போய் ‘ஃபீட்பேக்’ பகுதி வரை கீழே இறங்கிப் பாருங்கள். அடுத்த அசைன்மென்டுக்கு அதைவிட நல்ல நோட்ஸ் கிடையாது.

தளத்தில் யார் எந்த நிமிடம் எந்தப் பக்கத்தைத் திறந்தார், எதை ஏற்றினார் என்பது லாகில் பதிவாகும், ஆசிரியரால் பார்க்கமுடியும். பிரச்சினை வந்தால் “நான் அனுப்பிட்டேன்” என்று திரும்பத் திரும்பச் சொல்வதைவிட, பாடக் குறியீடு, பதிவு எண், ஏற்றிய நாளும் நேரமும் எழுதி, ஸ்கிரீன்ஷாட்டை இணைத்து, “லாகைப் பார்த்துச் சொல்லமுடியுமா மேடம்?” என்று ஒரு மெயில் போடுங்கள். அன்றைக்கே போடுங்கள். இரண்டு வாரம் கழித்து, உள்மதிப்பீட்டு மார்க் மேலே போனபிறகு வந்தால் எங்கள் கையிலும் ஒன்றும் இருக்காது.

அந்தப் பெண்ணின் 14 பக்கத்தை லாகை வைத்துத்தான் ஏற்றுக்கொண்டோம். ஞாயிறு பிற்பகல் 3:12-க்கு கோப்பு ஏறியிருந்தது. அதன்பிறகு அதை அவள் தொடவில்லை. துறைத் தலைவரிடம் அந்த லாக் பக்கத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். அடுத்த செட்டிலிருந்து முதல் வாரத்திலேயே மார்க் இல்லாத ஒரு அசைன்மென்ட் வைக்கிறோம். தன் பெயரையும் ஊரையும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, போனில் ஸ்கேன் செய்து, மூடுலில் சமர்ப்பிக்கவேண்டும். இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கும் அவள் வந்து வரிசை வரிசையாகப் போய்ப் பார்த்து உதவுகிறாள். பச்சை வரி வராமல் யாரையும் லேபை விட்டு அவள் வெளியே விடுவதில்லை.